ஏட்டு வீட்டுக் காதுகுத்து

மார்கழி 20, சனி

விடியலில் நல்ல பனி. கோலம் போட உட்கார்ந்தால் விரல் மடங்கவில்லை. மண்ணெண்ணெய் இந்த வாரமும் கிடையாது என்றான் கடைக்காரன். விறகு ஈரம். பால் பாதி, தண்ணீர் பாதி. தண்ணீருக்குத் தனியாகக் காசு கேட்காமல் போனது பால்காரரின் பெருந்தன்மை.

வீடு பேசி முடிந்தது. முன்பணம் நூறு ரூபாய் கொடுத்தாயிற்று. அருப்புக்கோட்டையிலேயே, நாங்கள் குடியிருக்கும் இந்த வாடகை அறைக்கு மூன்று தெரு தள்ளி. நெசவுக்காரர் வெங்கடசாமியின் வீடு. மகன் மதுரையில் மில்லில் இருக்கிறானாம், அங்கே போகிறார்கள். அவர்களுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். விலை பேசும்போது மட்டும் புருஷனும் பெண்சாதியும் தெலுங்கிலேயே வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அந்தப் பனியிலும் வேர்த்துவிட்டது.

வீடு எங்களுக்கு இல்லை, மாமாவுக்கும் அத்தைக்கும், இவருடைய அப்பா அம்மாவுக்கு. மாமா திருச்சுழி ஸ்டேஷனில் ஏட்டு. தை 18-ஓடு வேலை முடிகிறது. போலீஸ் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பிறகு எங்கே போவார்கள். இவர் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் அறையில் நான், இவர், மகள் வள்ளி மூன்று பேரும் படுத்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

வீட்டில் உள்ளது: கூடம் (நடுவில் தறிக்குழி, மூட வேண்டும்). ஒரு அறை. அடுப்படி, புகை போக வழி சரியில்லை. பின்னால் கிணறு.

கிணறுதான் விசேஷம். நல்ல தண்ணீர். இந்த ஊரில் அது லேசில் கிடைக்காது. அத்தை வாளியை விட்டு இறைத்து, கையில் ஏந்திக் குடித்தார். இன்னொரு கை குடித்தார். பிறகு கூடத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, "இதுல ஆணி அடிக்கலாமா?" என்று வெங்கடசாமியின் மனைவியைக் கேட்டார். அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லைன் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சர்க்கார் சுவர். கல்யாணமான நாளிலிருந்து எட்டு ஊர், எட்டு லைன் வீடு. சாமி படத்தைக்கூட ஜன்னலில் சாய்த்துத்தான் வைத்திருக்கிறார்.

மார்கழி 22, திங்கள்

வள்ளிக்கு மூக்கு ஒழுகல். கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன். என் மேலேயே துப்பினாள்.

காலையில் கஞ்சி குடிக்கும்போது இவர் கணக்குச் சொன்னார். விலை ஆயிரத்து நானூறு. மாமா தபாலாபீசில் சிறுகச் சிறுகப் போட்டது எழுநூறு, முன்பணமும் அதில் சேர்த்தி. இவர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் கடன் இருநூறு. குறைவது ஐநூறு. பத்திரத்துக்கு நாள் தை 23, புதன். அன்றைக்குக் கையில் பணம் இல்லையென்றால் முன்பணம் போச்சு. கூட நூறு தருகிறேன் என்று ஒரு பருத்தித் தரகர் காத்துக்கொண்டிருக்கிறாராம். மாமாவின் பென்ஷன் உத்தரவு வர மாதக்கணக்கில் ஆகும்.

"ஐநூறுக்கு என்ன செய்ய?" என்றேன்.

"பாப்போம்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்.

அட்டிகை. அப்பா இருந்தபோது ஓடையோரத்துக் கரிசலை விற்றுச் செய்து போட்டது. இப்போது அப்பாவும் இல்லை, அந்தக் கரிசலும் இல்லை. இது ஒன்றுதான் மிச்சம். கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா. கேட்கட்டும். வாயைத் திறந்து கேட்கட்டும். கழுத்தைப் பார்த்தால் கொடுக்க மாட்டேன்.

(இந்த நோட்டு இனி அரிசிப் பானைக்குப் பின்னால். இவர் பார்த்துவிட்டால் பால் கணக்கு என்று சொல்ல வேண்டும்.)

மார்கழி 25, வியாழன்

பந்தல்குடியிலிருந்து சின்ன மாமா வந்தார். மாமாவின் தம்பி. தூத்துக்குடி ரோட்டில் கடை வைத்திருக்கிறார். எதற்கும் கையில் ஒரு யோசனை இருக்கும். அடிக்கடி எழுத வேண்டி வரும் போலிருக்கிறது, இனி இவர் சி.மா.

வந்ததும் காப்பி. காப்பி முடிந்ததும் யோசனை.

"ஐநூறெல்லாம் ஒரு துட்டாய்யா? வள்ளிக்குக் காது குத்தணும்ல. தை பதிமூணு, ஞாயித்துக்கெழம, வளர்பிறை. வச்சுருவோம். எங்கண்ணன் முப்பது வருசமா ஊருக்கெல்லாம் மொய் எழுதுனவரு. ஒரு தடவ திரும்ப வாங்குனது உண்டா?"

உண்மைதான். எந்த ஊர் ஸ்டேஷனில் இருந்தாலும் கல்யாணம், காதுகுத்து என்று யார் அழைத்தாலும் மாமா போவார். மொய் எழுதுவார். கை நனைக்காமல் வந்துவிடுவார். தன் வீட்டில் ஒரு விசேஷம் வைத்ததில்லை. எங்கள் கல்யாணமே கோயிலில், விரல் விட்டு எண்ணுகிற கூட்டத்தோடு. மொய் நோட்டு போடவே விடவில்லை. அதில் அத்தைக்கு இன்றுவரை வருத்தம்.

இவர் கேட்டார்: "பதிமூணு எதுக்கு? இருவதாம் தேதியும் ஞாயிறுதான. வளர்பிறையும் இருக்கு. அப்பாவும் ரிட்டயராகி வந்துருவாக."

சி.மா. சிரித்தார். "வாத்தியாரே, பதினெட்டு முடிஞ்சா எங்கண்ணன் ஏட்டு இல்ல. வெறும் ஆளு. உடுப்பு இருக்கயில வச்சா லாரிக்காரன் வருவான், கமிஷன் கடைக்காரன் வருவான், சீட்டாடுறவன்கூட வந்து எழுதிட்டுப் போவான். உடுப்பக் கழத்துனா ஈ காக்கா வராது."

இவர் பேசவில்லை. இவர் பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பத்திரிகை அடிக்கிற வேலையை சி.மா. ஏற்றுக்கொண்டார். போகும்போது அரைப்படி உளுந்தும் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குக் கவலை அண்ணனைப் பற்றி. யாரிடமும் சொல்லவில்லை. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன் வெறுங்கையோடு வர முடியாது, சீர் கொண்டுவர வேண்டும். அண்ணன் பரளச்சியில் மானாவாரி வெள்ளாமை. கார்த்திகையோடு மழை நின்றுபோனது. பருத்தி வெடிக்கவில்லை. பதிமூன்றாம் தேதிக்கு அவன் எதைக் கொண்டுவருவான்.

பதிமூன்றில் வைத்தால் அண்ணன் மானம். தள்ளி வைத்தால் என் அட்டிகை. இதில் எதை நினைத்துச் சாமி கும்பிடுவது என்றே தெரியவில்லை.

தை 2, புதன். மாட்டுப் பொங்கல்

பரளச்சி. கரும்பு இந்த வருஷம் யானை விலை. ஒன்றுதான் வாங்கினோம், அதையும் வள்ளி பாதி கடித்து அடுத்த வீட்டு நாய்க்குப் போட்டாள்.

கரிசல் இப்போதே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பருத்திக் காய் சுண்டைக்காய் அளவு. அண்ணன் காட்டைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் மாடு குளிப்பாட்டிக் கொம்புக்குச் சாயம் பூசினான். கடையில் நீலம் மட்டும் இருந்ததாம். சாம்பல் நிற மயிலைக்கும் நீலம், சிவப்புச் செவலைக்கும் நீலம். தெருவில் மற்ற மாடெல்லாம் பச்சை, சிவப்பு. வள்ளி பாவாடையெல்லாம் நீலம், இனி போகாது. மயிலை பெயர் ராசு. நான் கல்யாணமாகிப் போன வருஷம் பிறந்த கன்று. கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறது. கையை நக்கியது. அதன் நாக்கு அரம்.

"பதிமூணாம்ல. பந்தல்குடிக்காரரு ஆள் விட்டுச் சொன்னாரு" என்றான் அண்ணன்.

"ஆமாண்ணே."

"அதுக்கென்ன. வாரேன்."

சொல்லிவிட்டு, பூசின கொம்பையே திரும்பவும் பூசிக்கொண்டிருந்தான்.

மதினி மாவாட்டும்போது சொன்னது: "பருத்தி மொத எடுப்புக்கு இன்னும் நாளு கெடக்கு. ஒரு வாரம் தள்ளிப்போனா கொஞ்சமாச்சும் பருத்தி கைக்கு வரும். உங்கண்ணன் செத்தாலும் வாயத் தொறந்து கேக்கமாட்டாக. நான் சொன்னேன்னும் சொல்லீராத."

தை 5, சனி

திருச்சுழி. கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் வந்தோம். வழியில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினார்கள். இவர் வேட்டியெல்லாம் கரி.

சி.மா. பத்திரிகைக் கட்டோடு முன்னாலேயே வந்து காத்திருந்தார். மஞ்சள் தாள். மேலே பிள்ளையார். "திருச்சுழி போலீஸ் ஸ்டேஷன் தலைமைக் காவலர் அவர்களின் பேத்தி" என்று வள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். தேதி தை 13. "ரெண்டு கான்ஸ்டேபிள்ட்ட குடுத்துவிட்டா இன்னைக்கே டவுனு பூராம் போயிரும்" என்றார்.

மாமா டூட்டி முடிந்து வந்தார். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு பத்திரிகையை எடுத்துப் படித்தார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். சாப்பிட்டுக் கை கழுவி வந்துதான் பேசினார்.

"ஏலே, காதுகுத்து வைக்க வேணாம்னு சொல்லல. உடுப்பப் போட்டுக்கிட்டு உக்காந்து வாங்குனா அதுக்குப் பேரு மொய்யா?"

"நீ குடுத்தத்தான அண்ணே திரும்ப வாங்குற."

"நான் குடுத்தது யாருக்கு? பரளச்சிக்காரனுக்கு, கானாவிலக்குக்காரனுக்கு, அந்தக் காட்டு ஊரு சம்சாரிகளுக்கு. லாரிக்காரனுக்கு எப்ப எழுதுனேன்? அவன் பயந்து எழுதுவான். நாளைக்கு அவன் வீட்டு விசேசத்துக்குத் திருப்பி எழுதணும்ல. பென்ஷன்ல நான் எத்தன பேருக்குத் திருப்புவேன்? நான் போனப்புறம் இந்த வாத்தியாரும் இந்தப் பிள்ளையும்ல சொமக்கணும்."

அத்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அப்ப வீடு வேணாம்னு சொல்லீருங்க" என்றார். "நான் லைன் குழாயடியிலயே கெடந்து சாகுறேன்."

மாமா அத்தையை ஒரு தடவை பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தாயி. பதிமூணா, இருவதா?"

இந்த வீட்டில் என்னை யாரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. சி.மா. கண்ணைக் காட்டினார். இவர் தரையைப் பார்த்தார். பதிமூன்று என்று சொன்னால் அட்டிகை தப்பும். மதினி மாவாட்டிக்கொண்டே சொன்னது காதில் இருந்தது.

"இருவது, மாமா."

அவ்வளவுதான். மாமா சிவப்பு மசியும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாள் தட்டுப்பாட்டில் மறுபடி அடிக்க முடியாது. ஒவ்வொரு பத்திரிகையிலும் 13-ஐ அடித்து 20. தலைமைக் காவலரை அடித்து வெறும் பெயர். சிவப்பில், நல்ல அழுத்தமாக. வாங்குகிறவன் எவனும் அடித்தது என்ன என்று பார்க்காமல் இருக்க மாட்டான். பார்த்தால் ஏட்டு இனி ஏட்டு இல்லை என்று புரிந்துவிடும். மாமாவுக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன்.

சி.மா. சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். "தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான்" என்று வாசலில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

அண்ணனுக்கு இருபது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியாயிற்று.

தை 10, வியாழன்

துணி துவைத்தது. வள்ளி பாவாடையில் நீலம் போகவில்லை. அரப்பு போட்டும் பார்த்தேன்.

இவர் ஐந்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல் நின்றபடி கேட்டுவிட்டார்.

"இருவதுல வராட்டி, ஒன் அட்டிகையத் தருவியா?"

கேட்கட்டும் என்றுதானே எழுதியிருந்தேன். கேட்டதும் கோபம் வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

"இருவது முடியட்டும். வராட்டித் தாரேன்."

"நீ பதிமூணுன்னு சொல்லிருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்."

ஏன் இருபது என்றேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணனைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பேசாமல் கோபமாக இருப்பதே மேல்.

இன்று வெங்கடசாமி வீட்டு வழியாகப் போனேன். தறி பிரித்தாயிற்று. வாசலில் கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். பருத்தித் தரகர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். எனக்கு வணக்கம் வேறு சொன்னார். கிணற்றை எட்டிப் பார்த்திருப்பார்.

தை 15, செவ்வாய்

வாங்க வேண்டியது:
வாழையிலை
பருப்பு (ரேஷனில் போதாது, சி.மா. கடையில் கேட்க வேண்டும், யார் கேட்பது?)
வெல்லம்
சந்தனம், குங்குமம்
காது குத்தும் ஆசாரிக்கு வேட்டி. துணியும் கூப்பன்தான், இவர் கூப்பனில் வாங்கிக்கொள்ளலாம்

அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பரளச்சிப் பக்கத்துப் பருத்தி வண்டி ஒன்று கமிஷன் கடை வாசலில் நின்றது. வண்டிக்காரரிடம் கேட்டேன். "மொத எடுப்பா? காயே வெடிக்கலயே தாயி. இது போன வருசத்துப் பதுக்கல்" என்றார்.

ஒரு வாரத்தில் பருத்தி வந்துவிடும் என்றுதானே நான் இருபது என்றேன். இப்போது பருத்தியும் இல்லை, லாரிக்காரனும் இல்லை. சொந்தக் கையால் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன்.

சுயராஜ்யம் வரப்போகிறது என்று தெருவில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக வந்து போனால் போதும்.

தை 18, வெள்ளி

மாமா கடைசி நாள். நாங்கள் திருச்சுழி போனோம், சாமான் ஏற்ற. பத்திரம் ஆகும்வரை எல்லாம் எங்கள் அறையில்தான். ஒரு வண்டிக்கு மேல் வரவில்லை. முப்பது வருஷச் சம்சாரம், அதில் பாதி விறகு.

உடுப்பு, பெல்ட்டு, பூட்ஸ், தடி எல்லாம் ஸ்டேஷனில் எண்ணிக் கொடுத்துவிட்டு மாமா வேட்டி துண்டோடு வந்தார். அப்படி அவர் நடுப்பகலில் நடந்து வந்து பார்த்ததில்லை. சின்ன ஆளாகத் தெரிந்தார். கடைவீதியில் அவர் வந்தால் எழுந்து நிற்கும் வெற்றிலைக் கடைக்காரர் இன்றைக்கு எழவில்லை. கவனிக்காததுபோல் பாக்கைச் சீவிக்கொண்டிருந்தார். மாமா நின்று, "ஞாயித்துக்கெழம வந்துரணும்" என்றார். "பாப்பம்" என்றார் அவர். நேற்றுவரை அந்த வாயில் "ஆகட்டும் எசமான்".

அத்தை லைன் வீட்டைக் கூட்டிவிட்டுச் சாவியை நீட்டினார். சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அதில் என்ன இருக்கிறது.

தை 21, திங்கள்

நேற்று எங்கள் அறை வாசலில் பந்தல் போட்டுக் காதுகுத்து முடிந்தது. எழுத உட்கார இப்போதுதான் நேரம்.

சி.மா. வந்துவிட்டார். கோபம் கோபமாகவே இருந்தாலும் மொய் மேஜையை வேறு யாருக்கும் விட மனம் வரவில்லை. மூக்குக் கண்ணாடி, சந்தனக் கிண்ணம், தாம்பாளம் எல்லாம் வைத்துக்கொண்டு விடிந்ததும் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தாம்பாளத்தில் அவர் போட்ட ஒரு ரூபாய்தான் கிடந்தது.

"பாத்தியா வாத்தியாரே. ஈ காக்கா" என்றார்.

டவுன் ஆட்கள் மூன்றோ நாலோ பேர். லாரிக்காரர் ஒரு தேங்காய் கொடுத்து அனுப்பினார். ஸ்டேஷன் கான்ஸ்டேபிள்கள் மட்டும் சேர்ந்து வந்து எழுதினார்கள். இவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். அட்டிகை கழுத்தில் கனத்தது. காலையில் அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டதே கடைசித் தடவை என்று நினைத்துத்தான்.

வெயில் ஏறியதும் சம்சாரிகள் வர ஆரம்பித்தார்கள். நடந்து, வண்டியில், பஸ்ஸில். மாமா எப்போதோ எழுதின ஆட்கள். எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அத்தைக்கு எல்லோரையும் தெரிந்தது. ஒருவர் ஒரு மூட்டை கம்பு இறக்கினார். ஒருவர் மிளகாய் வற்றல். "துட்டு இல்ல ஏட்டையா, மழ ஏமாத்திருச்சு" என்று ஒரு வெள்ளாட்டங்குட்டியைக் கட்டிவிட்டுப் போனார் ஒருவர். சி.மா. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் "ஆடு 1" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். மாமா ஏட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஏட்டையா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இருந்தாலும் கம்பைப் பத்திர ஆபீசில் கட்ட முடியாது. ரொக்கம் முந்நூறைத் தொட்டதோடு நின்றது.

அப்போதுதான் அண்ணன் வண்டி வந்தது. கொட்டோடு. முன்னால் மதினி, தாம்பாளத்தில் பட்டுப் பாவாடை. தேங்காய், பழம், வெல்லம், வள்ளிக்குப் பொன் தோடு. ஒன்றுக்கும் குறைவில்லை. அண்ணன் புதுத் துண்டு போட்டிருந்தான். தெருவே பார்த்தது. மொய் மேஜைக்குப் போய் மடியை அவிழ்த்தான்.

சி.மா. எழுந்து நின்று கத்தினார்: "தாய்மாமன் மொய், இருநூத்தி ஒண்ணு."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை நாளுக்குப் பிறகு. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு கிடைத்துவிட்டது.

நான் அண்ணனைக் கூப்பிட வாசலுக்குப் போனேன். வண்டி வேப்ப மர நிழலில் நின்றது. செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது, நீலக் கொம்பு. பக்கத்தில் இன்னொரு மாடு, அதுவும் மயிலை நிறம்தான். கொம்பு பச்சை.

கிட்டே போனேன். "ராசு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அது திரும்பவில்லை.

அண்ணன் பின்னால் வந்து, "உள்ள வா தங்கச்சி, ஆசாரி காத்திருக்காரு" என்றான். அவன் கண்ணும் கொம்பைப் பார்த்தது, என்னையும் பார்த்தது. உள்ளே போனோம். அவன் மடியில் உட்கார்ந்து வள்ளி அலறினாள். அவள் அழுகையோடு நானும் அழுதேன், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் தள்ளி வைத்த அந்த ஒரு வாரத்தில்தான் பந்தல்குடி மாட்டுச் சந்தை வந்திருக்கிறது. பதிமூன்றில் வைத்திருந்தால் விற்க நேரம் இருந்திருக்காது. வெறுங்கையோடு வந்திருப்பான், தலை குனிந்திருப்பான், ஆனால் மாடு இருந்திருக்கும். இரவல் மாட்டைத் திருப்பிவிட்டு, ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஆடியில் என்ன உழுவான்.

தை 23, புதன்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சி.மா. காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார்.

பத்திரம் முடிந்தது. மாமா பெயரில். வெங்கடசாமி பணத்தை வாங்கி அங்கவஸ்திரத்தில் முடிந்துகொண்டு, "தண்ணி நல்லா சுரக்கும், கோடையில தூரு மட்டும் வாருங்க" என்றார். அந்த அம்மா கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை முதல் வாளி இறைத்து எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு கூடத்துச் சுவரில் தானே ஆணி அடித்தார். முதல் ஆணி வளைந்துபோனது. இரண்டாவதில் சாமி படம் ஏறியது. கொஞ்சம் கோணல். யாரும் சரி பண்ணவில்லை.

எல்லோரும் தண்ணீர் இனிப்பு என்கிறார்கள். நான் வாங்கியதை வள்ளிக்குக் கொடுத்துவிட்டேன்.

சீரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அண்ணன் இந்த ஜென்மத்தில் என் வாசல் மிதிக்க மாட்டான்.

தை 24, வியாழன்

பனி குறைந்துவிட்டது. காலையில் கம்பங்கூழ், மொய்யில் வந்த கம்பு.

மாமா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அட்டிகையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சேர்த்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. முடிச்சை அவிழ்த்துத் துவைகல்லில் வைத்தேன்.

மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு, "பச்சக் கொம்பா?" என்றார்.

"பாத்தீகளா?"

"வண்டி தெருவுக்குள்ள வாரப்பவே பாத்தேன். மாட்டப் பாக்காம மனுசனப் பாக்குறவன் போலீசாயிருக்க முடியுமா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பயந்து குடுக்குற துட்டு வேணாம்னுதான உடுப்பக் கழத்திட்டு வச்சேன். உங்கண்ணன் குடுத்ததும் மானத்துக்குப் பயந்துதான். சீரத் திருப்புனா மனுசன் செத்துருவாரு. அதான் வாயத் தொறக்கல. நாலு நாளா எனக்கும் அதே நெனப்புதான் தாயி."

"இத வச்சுத் துட்டு வாங்கி, மாட்ட மீட்டுட்டு வாங்க மாமா. நம்ம வீட்டுச் சீரா அண்ணனுக்குப் போகட்டும். மாட்டச் சீரா குடுத்தா வாங்கித்தான ஆகணும்."

அட்டிகையைக் கையில் எடுத்துப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆசை இருந்தது. பொய் எழுதி என்ன பிரயோசனம். அவர் சொல்லவில்லை. வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

இவரும் என் பின்னாலேயே வந்திருக்கிறார், அடுப்படி வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. இந்தத் தடவை என் கழுத்தைப் பார்க்கவில்லை. "பந்தல்குடி பஸ்ஸு இப்ப வந்துரும், நானும் வாரேன்ப்பா" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போ. மாடு தேடுறதுக்கு வாத்தியாரு எதுக்கு? இந்தத் தாலுகாவுல நான் மாடு தேடாத பொட்டல் கெடையாது." மாமா குரல் திரும்பவும் ஏட்டுக் குரலாக இருந்தது. துவைகல்லில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "அடையாளம் சொல்லு தாயி. ஒண்ணொண்ணா."

சொன்னேன்.

மயிலை. ஆறு பல்.
நெற்றியில் சுழி ஒன்று.
வலது காது நுனி கிழிசல், கன்றில் நாய் கடித்தது.
கொம்பு நீலம், இந்நேரம் சுரண்டியிருந்தாலும் அடியில் இருக்கும்.
கையை நக்கும்.
ராசு என்று கூப்பிட்டால் திரும்பும்.